சேக்காளி, கூட்டாளி, துணைக்கு ஓர் ஆள்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'நண்பன்' என்று யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அது தமிழ்ப் பாடப்புத்தகத்திலும் சினிமாவிலும் குடியிருந்த சொல். வீட்டில், தெருவில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் சேக்காளிதான். "ஏட்டி, அது யாரு, ஒஞ் சேக்காளியா? ஒரு வா சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு" என்பாள் ஆச்சி. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல். நாகர்கோவில் பக்கம் போனால் கூட்டுக்காரன், கூட்டுக்காரி. கொஞ்சம் படித்த வீடுகளில் சிநேகிதன், சிநேகிதி. சென்னைக்கு வந்து சேர்ந்ததும் எல்லாம் கரைந்து ஒரே 'ஃப்ரெண்டு' ஆகிவிடுகிறது.

அந்த ஃப்ரெண்டின் மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. சின்ன வயதிலிருந்து கூடப் படித்தவளும் ஃப்ரெண்டு, போன வாரம் யோகா வகுப்பில் பாய் விரிக்க இடம் கொடுத்தவரும் ஃப்ரெண்டு, ஃபேஸ்புக்கில் முகமே பார்க்காதவரும் ஃப்ரெண்டு. வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைக்கும் நாள்வரைக்கும், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனும் "ஒரு ஃப்ரெண்டு"தான். "ஃப்ரெண்டுன்னு நெனச்சேன், இப்படிப் பண்ணிட்டாளே" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்துகிறவர்கள் சொல்வதைக் கேட்டால், பெரும்பாலும் எதிராளி மேல் தப்பே இருக்காது. மத்தியானம் டப்பாவைத் திறந்துவைத்து ஒன்றாகச் சாப்பிட்டவளை உயிர்த்தோழி கணக்கில் எழுதிவைத்திருப்பார்கள். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

நம் பழைய சொற்கள் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுப்பதில்லை. ஒருவர் எவ்வளவு பிரியமானவர் என்ற பேச்சுக்கே போகாமல், எதற்குக் கூட வருகிறார் என்பதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

கூட்டாளியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் அது நண்பனுக்கான சாதாரணச் சொல். இங்கே தினத்தாள் படிக்கிறவர்களுக்கோ கூட்டாளி என்றாலே கைதாகிறவன், அல்லது தப்பியோடி 'வலைவீசித் தேடப்படுகிறவன்'. தனியாகத் திருடினால் திருடன், பக்கத்தில் ஒருவன் நின்றால் அவன் கூட்டாளி. நல்ல காரியத்துக்குக் கூட்டாளி சேர்ந்ததாக நம் பத்திரிகைகளில் நான் படித்ததே இல்லை.

இந்தச் சொல்லுக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகம். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்று ஆரம்பித்து, கூட்டாளிகளை வகைபிரித்துக்கொண்டே போவார்கள். வேலையும் பார்த்து முதலும் போடுகிறவர் செயல்படும் கூட்டாளி. முதல் மட்டும் போட்டுவிட்டுக் கடைப்பக்கமே வராதவர் உறங்கும் கூட்டாளி. பெயரை மட்டும் கொடுத்தவர் பெயரளவுக் கூட்டாளி. இன்னொருவர் உண்டு: லாபம் வந்தால் மட்டும் பங்கு, நட்டத்தோடு சம்பந்தமில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போது இதெல்லாம் வறட்டு வரையறை. வயதான பிறகு என் கைபேசியில் இருக்கும் பெயர்களை ஓட்டிப் பார்த்தால், அந்தப் பாடத்தை எழுதிய மனிதர் மனுஷர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

பெயரளவுக் கூட்டாளிக்குத் தெருவில் அதைவிட நல்ல சொல் இருந்தது: ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அழுது ஊரைக் கூட்டும் சின்னப்பிள்ளையை, அவுட் ஆனாலும் கணக்கில் இல்லை, பிடித்தாலும் கணக்கில் இல்லை என்று சேர்த்துக்கொள்வோமே, அது. பெயர் என்னவோ கரடுமுரடுதான், இன்று யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டோம். ஏற்பாடு மட்டும் நல்ல ஏற்பாடு. அந்தப் பிள்ளைக்குத் தான் ஒப்புக்கு என்பது தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். இப்போதெல்லாம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில்தான் இந்த நாகரிகத்தைப் பார்க்கிறேன்.

(அல்லக்கை, எடுபிடி, ஜால்ரா என்றும் ஒரு வரிசை இருக்கிறது. அவர்களைப் பற்றி எழுதினால் யாரைச் சொல்கிறாய் என்று இரண்டு பேர் ஃபோன் செய்வார்கள். வேண்டாம்.)

சட்டப்புத்தகத்தில் கூட்டாளி ஏறிய அதே 1932-இல்தான் பெரியார் சோவியத் ரஷ்யாவையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டுத் திரும்பினார். வந்த கையோடு, இனிப் பெயருக்கு முன்னால் ஸ்ரீ, திருவாளர் எல்லாம் வேண்டாம், 'தோழர்' என்று போடுங்கள் என்று 'குடிஅரசு' வழியாகக் கேட்டுக்கொண்டார். கம்யூனிஸ்டுகளிடம் அந்தச் சொல் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கட்சிக் குடும்பத்தில் மாமனாரை மருமகள் தோழர் என்று கூப்பிடுவாள். முதல் தடவை கேட்டபோது சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், மாமனாரைக் கூப்பிட அதைவிடப் பாதுகாப்பான சொல் தமிழில் இல்லை.

ஆனால் திராவிட மேடைக்கு அந்தச் சமதளம் நெடுநாள் தோதுப்படவில்லை. அண்ணா கடிதம் எழுதியது தம்பிக்கு. கருணாநிதி முரசொலியில் எழுதியது உடன்பிறப்புக்கு. எம்.ஜி.ஆர். இன்னும் ஒரு படி உள்ளே போய் ரத்தத்தின் ரத்தம் என்றார். கூட வருகிறவனை உயர்த்த வேண்டுமென்றால் உறவாக்கிவிடுவது நம் பழைய வழக்கம். கம்பனில் ராமன் செய்வதும் இதுதானே? குகனோடு சேர்த்து ஐந்து பேர், சுக்ரீவனோடு ஆறு, வீடணன் வந்ததும் ஏழு என்று சகோதரக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். படகோட்டியும் குரங்கரசனும் அரக்கனும் நண்பர்களாக நின்றிருந்தால் போதாதா என்று எனக்குச் சில சமயம் கேட்கத் தோன்றும்.

தெருப்பையன்கள் விவரமானவர்கள். அவர்கள் நண்பனைச் சகோதரன் ஆக்குவதில்லை. மச்சான் ஆக்குகிறார்கள், மாப்ளே ஆக்குகிறார்கள். சும்மா வாய்க்கு வந்தது என்று நினைக்காதீர்கள். அண்ணன் தம்பி என்றால் நாளைக்குப் பங்காளி. வரப்பு, கிணற்றுமுறை, கோயில் மரியாதை, பத்திரம், கோர்ட்டு எல்லாம் அந்தப் பக்கம். மாமன் மச்சான் பக்கம் கேலி, கிண்டல், கொடுக்கல் வாங்கல், கல்யாணத்தில் முறுக்கிக்கொண்டு நின்றாலும் மறுநாள் கறிவிருந்து. நிலத்தில் பங்கு கேட்காத, ஆனால் வீட்டு அடுக்களைவரை வந்து உரிமையாகச் சாப்பிடக்கூடிய உறவு எது என்று பார்த்துத்தான் நம் பையன்கள் பிடித்திருக்கிறார்கள். சாதி மாறி, மதம் மாறி, வீட்டுக்குள் கல்யாணப் பேச்சு எடுத்தால் அரிவாள் வரும் என்று தெரிந்தவர்கள்கூட ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சொல் கடல் தாண்டிச் சிங்களத்திலும் புழங்குகிறது. மதுரைப் பக்கம் மட்டும் 'பங்காளி' என்றே கூப்பிடுவார்கள், செல்லமாகச் சுருக்கிப் 'பங்கு' என்பார்கள். மதுரைக்காரர்களுக்குத் தைரியம் ஜாஸ்தி.

பெண்களுக்கு இப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஓரகத்தி இருக்கிறாள், சக்களத்தி இருக்கிறாள், நாத்தனார் இருக்கிறாள். மூன்றில் எதையும் சேக்காளியைக் கூப்பிட எடுத்துக்கொள்ள முடியாது. மதினி ஒன்றுதான் கொஞ்சம் தேறும். 'ஏட்டி', 'ஏளா' என்பதெல்லாம் வெறும் விளி. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் அதுவும் போய்விடும். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபிறகு கேட்டில் நின்று தினமும் பேசும் பெண்கள் ஒருவருக்கொருவர் 'கார்த்திக் அம்மா', 'நிஷா அம்மா'. பிள்ளை பள்ளி மாறினால் அம்மாவின் பெயரும் தொலைந்தது. மாமியார் மனக்குறை, கர்ப்பப்பைச் சிகிச்சை, அடகுவைத்த வளையல்வரை சொல்லி அழுதிருப்பார்கள், சொந்தப் பெயர் தெரியாது.

இத்தனைக்கும் நம் இலக்கியத்தில் கூட இருக்கிற ஆட்களிலேயே பெரிய பாத்திரம் ஒரு பெண்தான். சங்க அகப்பாட்டில் தலைவியைவிட வாயுள்ளவள் தோழி. செவிலித்தாயின் மகள் அவள், ஒன்றாக வளர்ந்தவள். தூது போவாள், தாயிடம் பொய் சொல்வாள், காவலை எடுத்துச் சொல்லி 'சீக்கிரம் கல்யாணத்தைப் பேசு' என்று தலைவனை மறைமுகமாக நெருக்குவாள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பாள். தலைவனுக்கும் பாங்கன் என்று ஒருவன் உண்டு, அவனுக்குப் பங்கு கொஞ்சம்தான். முதல் வேலை திட்டுவது. ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு இப்படி உருகலாமா என்று அவன் இடித்துச் சொல்வதைத் தனித் துறையாகவே வைத்திருக்கிறார்கள். திட்டியபிறகு, எங்கே பார்த்தாய், எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டு அவனே கிளம்பிப் போவான். சேக்காளி என்றால் இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

இந்தப் பாங்கன் வேலையைக் கடவுளையே பார்க்க வைத்தவர் சுந்தரர். 'தம்பிரான் தோழர்' என்று அவருக்குப் பெயர். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துவிட்டுத் திருவாரூருக்கு வந்தால் முதல் மனைவி பரவையார் கதவைத் திறப்பாரா? சிவனே ராத்திரியில் தூது நடந்தார் என்கிறது பெரியபுராணம். முதல் தடவை அர்ச்சகர் வேடத்தில் போய் முடியாது என்ற பதிலோடு திரும்பி வந்தார், திரும்பவும் போனார். அப்பருடையது அடிமை வழி, சம்பந்தருடையது மகன் வழி, சுந்தரருடையது தோழமை வழி என்று சைவர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். அடிமையும் மகனும் சாமியைத் தெருவில் இரண்டு தடவை நடக்கவிட்டிருப்பார்களா?

இவ்வளவும் சொன்னேன், எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு இப்போதுதான் வருகிறேன். துணை.

துணைக்கு உறவு வேண்டாம். பிரியம் வேண்டாம். பேச்சுவார்த்தைகூடத் தேவையில்லை. என் ஆச்சி ஊரில் வீட்டுக்குள் கக்கூஸ் வராத காலம். பெண்கள் விடியுமுன்போ இருட்டியபிறகோதான் குளத்தாங்கரைப் பக்கம் போவார்கள், தனியாகப் போக மாட்டார்கள். ஆச்சிக்கும் எதிர்வீட்டுப் பாட்டிக்கும் ஏதோ வேலித் தகராறில் பேச்சே அறுந்துபோயிருந்தது. ஆனால் இருட்டியதும் எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் வந்து தொண்டையைக் கனைப்பாள். ஆச்சி எழுந்து போவாள். இரண்டு பேரும் பேசாமலே போவார்கள், பேசாமலே வருவார்கள், அவரவர் வாசலில் பிரிவார்கள். "ஏன் ஆச்சி, நீங்கதான் பேசமாட்டியளே?" என்று கேட்டதற்கு, "பேச்சில்லன்னா? துணைக்குப் போகாண்டாமா?" என்றாள். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

இந்தத் துணைக்கு இன்னொரு முகமும் உண்டு. நான் காலேஜில் படித்துக்கொண்டே டைப்ரைட்டிங் கிளாஸ் போனபோது, துணைக்கு என்று என் தம்பியை அனுப்புவார்கள். அவன் மூன்றாம் வகுப்பு. வழியில் நாய் குரைத்தால் என் தாவணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிகிற காவலன். யாரையும் அவனால் அடிக்க முடியாது, அதற்காக அனுப்பவுமில்லை. எந்த அண்ணன் சைக்கிளை நிறுத்திப் பேசினான், அக்கா சிரித்தாளா இல்லையா என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒப்பிப்பதற்காக அனுப்பினார்கள். தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்து அவன் ஞாபகசக்தியைக் குறைத்துவைத்திருந்தேன். தமிழ்நாட்டில் எத்தனையோ காதல்களுக்கு உண்மையான தோழன், வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு எட்ட நின்ற இந்தத் துணைப்பையன்தான். அவனுக்கு ஒரு துறை வகுக்கத் தொல்காப்பியரும் மறந்துவிட்டார்.

துணைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் சொல்லைக் கவனியுங்கள். பேச்சுத்துணை, வழித்துணை, ராத்துணை, வாழ்க்கைத்துணை. எதுவரைக்கும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. வேலூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் இருக்கிறது. அந்த ஊர்ச் சாமிக்கு வடமொழியில் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். திருடர் பயத்தில் வேண்டிக்கொண்ட மிளகு வியாபாரி ஒருவருக்கு வழிநெடுகக் காவலாக வந்தார் என்று தலக்கதை. முக்தி, மோட்சம் என்று பெரிய பேச்சு எதுவும் அந்தக் கதையில் இல்லை, ஊர் போய்ச் சேருகிறவரைக்கும் கூட வந்தார், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை மேலே 'முருகன் துணை', லாரி நெற்றியில் 'அங்காளம்மன் துணை' என்று எழுதுகிறோமே, அங்கும் இதே கணக்குத்தான். இந்த ஒரு காரியத்துக்கு, இந்த ஒரு லோடுக்கு, கூட வா.

பெரிய ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இந்த ஏற்பாட்டை முழுசாகப் பார்க்கலாம். "இந்த பேஷண்டு கூட யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டதும் நமக்கு ஊர், பேர், படிப்பு எல்லாம் போய்க் 'கூட இருக்கிறவங்க' ஆகிவிடுவோம். பக்கத்துப் படுக்கைக்குக் கூட இருக்கிறவங்களும் நாமும் ஒரே சாதி. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிவருவார்கள், சலைன் தீர்ந்தால் குரல் கொடுப்பார்கள், "கொஞ்சம் பாத்துக்கிடுங்க, கீழ போயி மாத்திர வாங்கிட்டு வாரேன்" என்று சொன்னால் நம் நகைப்பையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். அப்பாவோடு நான் இருந்தபோது அப்படி ஒரு அக்கா. என் கைபேசியில் இன்றும் 'பெட் 7 அக்கா' என்றே இருக்கிறாள். டிஸ்சார்ஜ் ஆனபின் இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. அதில் எந்தப் பக்கமும் வருத்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆண்களுக்கு இதற்குச் சமமான இடம் டாஸ்மாக் என்று கேள்விஞானம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் பாதி போதும் என்கிறவர் வாசலில் நின்று இன்னொரு பாதிக்காரரைத் தேடுவாராம். கட்டிங் சேர்ந்ததும் பணத்திலும் பாதி, சரக்கிலும் பாதி. முன்பின் தெரியாதவர்கள், தொட்டுக்கொள்ள ஒரே ஊறுகாய். இவ்வளவு துல்லியமான கூட்டாண்மையைக் கணக்குப்பதிவியல் புத்தகத்திலும் காணோம்.

வள்ளுவருக்கும் துணை என்ற சொல் மேல் ஒரு கண் இருந்திருக்க வேண்டும். நட்புக்கென்று வரிசையாக ஐந்து அதிகாரம் எழுதியிருக்கிறார்: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. ஆனால் மனைவிக்கும் பெரியவர்களுக்கும் வரும்போது நட்பை விட்டுவிட்டு வாழ்க்கைத் துணைநலம், பெரியாரைத் துணைக்கோடல் என்று தலைப்பு வைக்கிறார். தினசரி கூட இருந்தாக வேண்டிய இடங்களுக்குத் துணை.

இந்தத் தினசரி விஷயத்தில் எனக்கு நாலடியாரோடு ஒரு சண்டை. நட்பைப் பாக்கு, தென்னை, பனை என்று மூன்றாகப் பிரிக்கிறது அந்த நூல். கீழானவர் நட்பு பாக்குமரம், தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் பலன். நடுத்தரம் தென்னை, விட்டுவிட்டு ஊற்றலாம். மேலானவர் நட்பு பனைமரம், விதைத்ததோடு சரி. பள்ளியில் இதைத் தலையாட்டிக்கொண்டு படித்தோம். இப்போது எனக்குப் பாக்குமரத்தின் பக்கம்தான் சாய்வு. தினமும் ஊற்றுவதற்கு ஒரு காரணம் இருப்பதே பெரிய பாக்கியம் இல்லையா? 'எத்தனை வருஷம் கழிச்சுப் பேசினாலும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம்' என்று பெருமை பேசும் பனைமரச் சிநேகிதிகள் எனக்கும் உண்டு. காய்ச்சலில் படுத்தால் ரசம் கொண்டுவருவது மூன்றாம் மாடிப் பாக்குமரம்.

கோப்பெருஞ்சோழன் கதையிலும் என் ஓட்டு வேறு. ராஜா வடக்கிருந்து உயிர்விடத் தயாரானபோது, முகமே பார்க்காத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து சேர்ந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பொத்தியாரை யாரும் சொல்வதில்லை. அவர் ராஜா கூடவே இருந்த புலவர். தானும் சாகிறேன் என்று நின்றபோது, உன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, குழந்தை பிறந்தபிறகு வா என்று ராஜா திருப்பி அனுப்பிவிட்டார். போனார். குழந்தை பிறக்கக் காத்திருந்தார். பிறகு சொன்ன சொல் மாறாமல் வந்து உட்கார்ந்தார். அந்த இடைப்பட்ட நாட்களில் அவர் வீட்டில் எப்படி இருந்திருப்பார் என்று எழுத ஒரு நல்ல கதாசிரியர் வேண்டும்.

இப்போது எங்கள் அடுக்ககத்தில் நடக்கும் ஒரு கூத்தைச் சொல்லி முடிக்கிறேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நான் வேலைக்குப் போனபின் மத்தியானம் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரம்மா ஒருவர் இருக்கிறார். சாப்பாடு ஆனதும் வந்துவிடுவார். அம்மாவும் அவரும் சீரியல் பார்ப்பார்கள், அரிசியில் கல் பொறுக்குவார்கள் (இப்போது எந்த அரிசியில் கல் இருக்கிறது?), மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள். சாயங்காலம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இரண்டு பேருமே அடுத்தவரைச் சேக்காளி என்று சொல்லிக்கொள்வதில்லை. "அவுக பேச்சுத்துணைக்கு வருவாக" என்பாள் அம்மா.

கேட்டில் இப்போது செயலி வைத்துவிட்டார்கள். உள்ளே வருகிறவர் யார் என்று செக்யூரிட்டித் தம்பி ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் கதவு திறக்கும். விருந்தாளி, டெலிவரி, டாக்ஸி, வீட்டுவேலை, ரிப்பேர். விருந்தாளி என்று போட்டால் ஒவ்வொரு நாளும் எனக்கு அழைப்பு வந்து நான் சம்மதம் கொடுக்க வேண்டும், மீட்டிங்கில் இருந்தால் அந்தம்மா வெயிலில் நிற்பார். வீட்டுவேலை என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அம்மாவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கடைசியில் அந்தத் தம்பியே ஒரு வழி கண்டுபிடித்தான். அந்தம்மா கையில் எப்போதும் ஒரு தூக்குச்சட்டி இருக்கும், கருப்பட்டி மிட்டாயோ பனங்கிழங்கோ ஏதாவது. அதைப் பார்த்துவிட்டு அவன் பாட்டுக்கு 'டெலிவரி' என்று போட்டு உள்ளே விட்டுவிடுகிறான். என் கைபேசிக்குத் தினமும் மத்தியானம் செய்தி வருகிறது, உங்கள் டெலிவரி வந்துவிட்டது என்று. சாயங்காலம்வரைக்கும் டெலிவரி வெளியே போகவில்லையே என்று போன வாரம் சங்கச் செயலாளர் கேட்டார். டீ குடித்துவிட்டுத்தான் போகும் என்றேன்.